சிறப்புப் பட்டம் வந்த வழி

பல்கலைக்கழகத்தில் முதலாண்டை முடித்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணாக்கர் முன்னே ஒரு வினா நிற்கின்றது. மூன்றாண்டிற் பொதுப் பட்டத்தைப் பெற்று வெளியேறுவதா, நான்காம் ஆண்டும் தங்கி ஒரு துறையிலே சிறப்புப் பட்டம் பெறுவதா என்பதே அது. கல்முனைப் பட்டினத்துக்கு மேற்கே வயலோரமாய் அமைந்த நற்பிட்டிமுனை போன்றதோர் ஊரில், தமிழர் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும், இவ்வினா மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. மேலும் ஓராண்டுச் செலவு, பின்தள்ளிப்போகும் முதற் சம்பளம், அடுத்துப் படிக்கக் காத்திருக்கும் தம்பி தங்கையர் யாவரும் இதனுள் அடங்குவர். ஆயினும் அவ்வீட்டார் முடிவெடுக்குங்கால், சிறப்புப் பட்டம் என்பது யாது, அஃது எங்ஙனம் நடைபெறுகின்றது, இந்நாட்டுக்கு அஃது எவ்வாறு வந்து சேர்ந்தது என்பனவற்றைத் தெரிந்து முடிவெடுப்பது அரிதாகவே உள்ளது. இன்னுமொரு வருடம் படிப்பது என்ற அளவிலேயே பலரும் அதனை விளங்கிக்கொள்கின்றனர். அவ்விளக்கம் போதாது. போதாமைக்குச் சான்று அப்பட்டத்தின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலேயர் ‘ஆனர்ஸ்’ என்று வழங்கியதைத் தமிழ்நாட்டார் அவ்வாறே ஆனர்ஸ் வகுப்பு என்றனர். இலங்கையில் அது ‘ஸ்பெஷல்’ பட்டம் எனப்பட்டது. அதன் தமிழே சிறப்புப் பட்டம். அண்மைக் காலத்தில், தேசியத் தகைமைச் சட்டகம் வகுக்கப்பட்ட பின்னர், ஆங்கிலத்தில் மீண்டும் ‘ஆனர்ஸ்’ என்னும் பெயர் வந்துவிட்டது. அதனைச் சிலர் கௌரவப் பட்டம் என மொழிபெயர்க்கின்றனர். மேடையில் வைத்து அரசியலாளர்க்கும் கலைஞர்க்கும் படியாமலே வழங்கப்படும் பட்டத்துக்கும் அதுவே பெயராதலின், நாலாண்டு இரவு பகலாய்ப் படித்தவர் அப்பெயரைச் சொல்லும்போது கேட்போர் புன்னகை செய்தல் கூடும். ஆதலால் இக்கட்டுரையிற் சிறப்புப் பட்டம் என்னும் பழைய பெயரையே ஆள்கின்றோம்.

இதன் தொடக்கத்தை இங்கிலாந்திலே காணலாம். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒக்ஸ்போர்டிற் பட்டத் தேர்வு என்பது வெறும் சடங்காய்த் தேய்ந்திருந்தது. வருவோர் எல்லோரும் சில வாய்மொழி வினாக்களுக்கு விடை கூறிப் பட்டம் பெற்றுச் சென்றனர். 1800 இல் இயற்றப்பட்ட தேர்வு விதி இதனை மாற்றிற்று. சாதாரண பட்டத்தோடு அமையாது, கடுமையான தேர்வொன்றுக்குத் தாமே முன்வருவோரை அவ்விதி வரவேற்றது. அவர்தம் பெயரை வகுப்புப் பிரித்து வெளியிடவும் செய்தது. 1807 இல் இத்தேர்வு பழம்மொழி இலக்கியம் என்றும் கணிதம் என்றும் இரண்டாகப் பிரிந்தது. அடுத்த ஆண்டில் ரொபட் பீல் என்னும் இளைஞர் இரண்டிலும் முதல் வகுப்புப் பெற்றார். பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமரானவர் அவரே. கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு இதனினும் பழைமையான தேர்வொன்று இருந்தது. இவ்விரு பல்கலைக்கழகங்களிலும் பிறந்த கருத்து ஒன்றே. பட்டம் பெறுவது ஒன்று. பலவற்றை விட்டு ஒன்றை ஆழக் கற்று, அக்கல்வியின் தரத்தைப் பிறர் அளக்க இடங்கொடுப்பது வேறொன்று. பின்னதற்கு மாணாக்கர் தாமே முன்வரல் வேண்டும்.

ஸ்கொத்லாந்தினர் இதனை வேறு வகையில் அமைத்தனர். அங்கே சாதாரண பட்டத்துக்கு மூன்றாண்டு. சிறப்புப் பட்டத்துக்கு நான்காண்டு. நம் நாட்டில் இன்று நிலவும் முறையோடு இது பெரிதும் ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் தேறியவர்க்குப் பாஸ் வகுப்பு இரண்டாண்டும் ஆனர்ஸ் வகுப்பு மூன்றாண்டுமாக நெடுங்காலம் நடந்தது. எங்கும் ஓராண்டு வேறுபாடே தோன்றுகின்றது. அவ்வோராண்டினுள் என்ன நிகழ்கின்றது என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு அமெரிக்காவிலே கிடைத்த விடை தெளிவானது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வார்த்மோர் என்னுமொரு சிறு கல்லூரி உண்டு. அதன் தலைவராயிருந்த பிராங்க் எய்டெலோட் ஒக்ஸ்போர்டிற் பயின்றவர். அவர் 1922 இல் அங்குத் தொடங்கிய ஆனர்ஸ் திட்டமே அந்நாட்டுத் திட்டங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. தேர்ந்தெடுத்த மாணாக்கர் கடைசி இரண்டாண்டும் வழமையான வகுப்புகளிலிருந்து விடுவிக்கப்பட்டனர். சிறு குழுவாய் ஆசிரியரோடு அமர்ந்து, தாம் எழுதிய கட்டுரையைப் படித்து, அதன்மேல் வாதிட்டனர். இறுதியில் அவர்களைத் தேர்ந்தவர் அவர்தம் ஆசிரியர் அல்லர். பிற பல்கலைக்கழகங்களிலிருந்து அழைக்கப்பட்ட அறிஞர்கள். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பக்கத்தில் நின்று வெளியாரின் தேர்வை எதிர்கொள்வது அவ்வேற்பாட்டின் நுட்பம். எல்லா மாணாக்கரையும் ஒரே நடையில் அணிவகுத்துச் செல்லவிடுவது வல்லவரையும் மெல்லவரையும் ஒருங்கே கெடுக்கும் என்பது எய்டெலோட்டின் கொள்கை. அதனையே 1944 இல் ஒரு நூலாகவும் எழுதினார்.

இனி இலங்கைக்கு வருவோம். இந்நாட்டுக்குப் பல்கலைக்கழகம் வேண்டுமெனச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906 இற் சங்கம் அமைத்துக் கிளர்ச்சி செய்தனர். 1921 சனவரியிற் கொழும்பிலே திறக்கப்பட்டது பல்கலைக்கழகக் கல்லூரியேயன்றிப் பல்கலைக்கழகம் அன்று. அது பட்டம் வழங்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. வினாத்தாள் கடல் கடந்து வந்தது. விடைத்தாள் கடல் கடந்து சென்றது. பாடத்திட்டத்தை வகுத்தவர்க்கு ஈழத்தின் வரலாறோ தமிழோ சிங்களமோ பெரும் பொருளாய்த் தோன்றியிருக்க நியாயமில்லை. எனினும் தேர்வின் கடுமையை ஒருவரும் ஐயுறவில்லை. லண்டன் சிறப்புப் பட்டத்தில் வகுப்புப் பெற்றவர் எவர் முன்னும் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது.

அவ்வாறு நின்றவருள் ஒருவரைக் கல்முனை மக்கள் நன்கறிவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், 1933 இல் வரலாற்றிலே லண்டன் சிறப்புப் பட்டம் பெற்றவர். 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942 இல், உலகப் போர்க்காலத்தே, உணவு விளைவைப் பெருக்கும் பொறுப்போடு உதவி அரசாங்க அதிபராய்க் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல்லைப் பெருக்க வந்தவர் இக்கரையில் உயர்கல்வி கற்றோர் எத்துணைச் சிலர் என்பதைக் கண்டார். கல்முனையிற் கல்விச் சங்கம் ஒன்றை நிறுவுவதற்கு முன்னின்றார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தபோது, அதற்கு வித்தாயமைந்தது கல்முனையிற் பெற்ற அனுபவமே. பல்கலைக்கழகம் செல்லும் ஏழை மாணாக்கரைத் தடுப்பது மூளைக் குறைவன்று, மாதச் செலவு என்பதைச் சிறப்புப் பட்டதாரியான ஓர் அதிகாரி நேரிற் கண்டு செயற்பட்ட நிகழ்ச்சி இது. அவ்வாண்டிலேயே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியும் வந்தது. கட்டணம் நீங்கிற்று, உணவும் உடையும் பயணமும் நீங்கவில்லை.

1942 சூலை 1 ஆம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றாயின. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். தொடக்கத்தில் இருந்த மாணாக்கர் 904 பேர். ஒரு பெரிய கல்லூரியில் இன்று படிப்போர் தொகையினும் இது குறைவு. தமிழ்த்துறைக்கு முதற் பேராசிரியராய் 1943 இல் அமர்ந்தவர் காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர். கல்முனையிலே பள்ளிக்கல்வி பயின்றவர்; ஆசிரியராயிருந்துகொண்டே 1920 இல் லண்டன் விஞ்ஞானமாணிப் பட்டத்தை வெளிவாரியாய்ப் பெற்றவர்; மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். எந்தப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலும் மூன்றாண்டு தொடர்ந்து இருந்து தமிழைச் சிறப்புப் பாடமாய்க் கல்லாத ஒருவரே, இந்நாட்டிலே தமிழைச் சிறப்புப் பாடமாய்க் கற்பிக்கும் பீடத்திலே முதலில் அமர்ந்தார். இதில் வியப்பொன்றுமில்லை. ஒரு துறையின் முதல் ஆசிரியர் அத்துறைக்கு வெளியேயிருந்து வருதல் இயல்பே. 1947 இல் அவர் மறைய, லண்டனிற் கல்வெட்டுத் தமிழை ஆய்ந்து 1935 இற் கலாநிதிப் பட்டம் பெற்ற க. கணபதிப்பிள்ளை அவ்விடத்துக்கு வந்தார். அவர்தம் காலத்திலே தமிழ்ச் சிறப்புப் பாடம் ஒரு மரபாய் வேரூன்றிற்று. 1957 இல் அப்பாடத்தில் முதல் வகுப்புப் பெற்ற க. கைலாசபதி, 1966 இற் பேமிங்காமிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதற் தலைவரானார். பட்டதாரி ஆய்வாளராகி, ஆய்வாளர் ஆசிரியராகி, ஆசிரியர் புதிய பல்கலைக்கழகத்தை அமைக்கும் தொடர்ச்சியை இவ்வொரு வாழ்க்கையிற் காணலாம்.

1952 இற் கலைப்பீடம் பேராதனைக்குச் சென்றது. கீழ்க்கரையிலிருந்து அங்குச் சென்றோர் மட்டக்களப்பிற் புகைவண்டி ஏறி, பொலன்னறுவை, மாகோ வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அக்காலத்துச் சிறப்புக் கற்கை நடைபெற்ற விதத்தைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். முதலாண்டில் மூன்று பாடம். ஆண்டிறுதியிற் பொதுக் கலைத் தகுதிப் பரீட்சை. அதில் நன்கு தேறியவரையே துறைத் தலைவர் சிறப்புக் கற்கைக்கு ஏற்பார். பொதுப் பட்டத்தார் மேலும் இரண்டாண்டு பலபாடம் பயின்று வெளியேறுவர். சிறப்புக் கற்கையார் மூன்றாண்டு ஒரே துறையில் உழல்வர். விரிவுரை குறைவு, நூல் நிலையத்திற் கழியும் பொழுது அதிகம். சிலராகக் கூடும் பயிற்சி வகுப்புக்குக் கட்டுரை எழுதிச் செல்லல் வேண்டும்; அங்கே ஆசிரியர் அதனைக் கிழித்துப் பார்ப்பார். ஆனால் அவ்வெழுத்துக்கெல்லாம் இறுதியிற் புள்ளியில்லை. எல்லாப் பாடத்தாளையும் கடைசி ஆண்டிற் சில நாள்களுள் அடுத்தடுத்து எழுதல் வேண்டும். வகுப்பைத் தீர்மானிப்பது அந்நாள்களே. முதல் இரண்டாண்டு தடுமாறி மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டவனுக்கு அம்முறை வாய்ப்பளித்தது. மூன்றாண்டு உழைத்துக் கடைசி வாரத்திற் காய்ச்சல் கண்டவனுக்கு அஃது இரக்கங் காட்டவில்லை.

யாவும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. இதனால் வரலாறோ புவியியலோ பொருளியலோ சிறப்பாய்க் கற்க விழைந்தவனை முதலில் அளந்தது அவனுடைய பாட அறிவன்று, அவனுடைய ஆங்கிலம். 1960 இற் கலைப்பீடத்தில் தமிழும் சிங்களமும் போதனா மொழிகளாயின. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. விரிவுரையாளர் சிலர் முந்தைய இரவு சொல்லைத் தேடி மறுநாள் வகுப்புக்குச் சென்ற காலம் அது. கிராமத்துப் பள்ளிகளிலிருந்து வந்தோர் தொகை பெருகிற்று. தம் மொழியிற் கேட்டு, தம் மொழியில் எழுதி, சிறப்பு வகுப்பில் இடம் பெறுதல் முதன்முறையாகப் பலர்க்கும் இயல்வதாயிற்று. ஆனால் நூல் நிலையத்து நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பொதுப் பட்டத்தை விரிவுரைக் குறிப்பால் ஒருவாறு கடக்கலாம். சிறப்புப் பட்டத்தை நூலின்றிக் கடத்தல் இயலாது. ஆகவே வாயிலில் நின்ற ஆங்கிலம் உள்ளே சென்று நூலகத்தில் அமர்ந்துகொண்டது என்றே சொல்லல் வேண்டும். அது இன்றும் அங்கேயே அமர்ந்திருக்கின்றது.

1971 இலே தொடங்கிய தரப்படுத்தலையும், 1974 இலே வந்த மாவட்டப் பங்கீட்டையும் பற்றி மிகுதியும் எழுதப்பட்டுள்ளது. தமிழ்மொழி மூலம் தோற்றியோரிடம் கூடுதலான புள்ளி கேட்கப்பட்டமை ஆறாத காயமாயிற்று. கல்முனை மாணாக்கரும் தமிழ்மொழி மூலம் தோற்றியவரே. அதேவேளை, மாவட்டப் பங்கீடு அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டத்தார்க்கு வாயிலைச் சிறிது அகலத் திறந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொல்லாதார் வரலாற்றிற் பாதியையே சொல்பவராவர். நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்றே: புகுமுகத்தில் இடம் பெறுவது வேறு, உள்ளே சென்றபின் சிறப்பு வகுப்பில் இடம் பெறுவது வேறு. பின்னதற்குப் பங்கீடு கிடையாது. முதலாண்டுப் பெறுபேறே அங்குப் பேசும்.

பல்கலைக்கழகம் நம் கரைக்கு வந்தது பின்னரே. 1981 ஆகத்தில் வந்தாறுமூலையிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986 அக்டோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 ஆம் ஆண்டின் கொடுமைகளின்போது அவ்வளாகம் அகதிகள் தங்குமிடமாயிற்று. தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே வழிகள் அடைபட்டன. ஓர் ஊர் மாணாக்கர் மற்றோர் ஊரைக் கடந்து செல்ல அஞ்சினர். அந்நிலையிலே தென்கிழக்கிற் பல்கலைக்கழகம் வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃப் அதற்கு முன்னின்றார். 1995 அக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையிலே தொடங்கியது. 1996 மே மாதத்திற் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலில் நிலைபெற்றது. அச்சத்திற் பிறந்த நிறுவனம் எனினும், இன்று அங்கே பல சமூகத்து மாணாக்கரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கற்கின்றனர். நற்பிட்டிமுனையிலிருந்து நோக்கின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்றாக இரு பல்கலைக்கழகங்கள் பேருந்து ஓடும் தொலைவிலே நிற்கின்றன. பேராதனைக்குப் புகைவண்டியிற் சுற்றிச் சென்ற தலைமுறைக்கு இது கனவாயிருந்திருக்கும்.

ஆயினும் புதிய பல்கலைக்கழகத்திற்கு ஓர் இடர் உண்டு. சிறப்புக் கற்கை நடத்த மூத்த ஆசிரியர் வேண்டும். இந்நாட்டிலே தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு முதலிற் கேட்கப்படுவது முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவோ பெற்ற சிறப்புப் பட்டம். சிறப்புப் பட்டதாரி இன்றேல் விரிவுரையாளர் இல்லை; விரிவுரையாளர் இன்றேல் சிறப்புக் கற்கை இல்லை. இச்சுழலைத் தகர்ப்பதற்கு வேறிடத்து ஆசிரியரை அழைத்தல் வேண்டியதாயிற்று. கல்முனைக்குடியில் 1944 இற் பிறந்து, பள்ளியாசிரியராய்த் தொடங்கி, யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் பல்கலைக்கழக ஆசிரியராய் விளங்கிய எம். ஏ. நுஃமான் போன்றோர் தம் உழைப்பின் பெரும்பகுதியை வேறு பிரதேசங்களிலே செலவிட்டமை நினைக்கத்தக்கது. அவர்கள் பணி தொடங்கிய காலத்தில் இக்கரையிற் பல்கலைக்கழகம் இல்லை. இனி வருவோர்க்கு அவ்வாறு சொல்லல் இயலாது.

இன்றைய ஏற்பாட்டை இனி நோக்குவோம். இலங்கைத் தகைமைச் சட்டகம் 2012 இல் வெளியிடப்பட்டு, 2015 இல் திருத்தப்பட்டது. அதன்படி பொதுப் பட்டம் ஐந்தாம் படி. மூன்றாண்டு, 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் ஆறாம் படி. நான்காண்டு, 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணாக்கரின் 50 மணிநேர உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, எழுத்து, தேர்வு யாவும் அதனுள் அடங்கும். ஆகவே நான்காம் ஆண்டின் பொருள் மேலும் 1500 மணிநேர உழைப்பு ஆகும். முதலாண்டிற் பல பாடம் பயின்றபின் துறைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். துறை தன் ஆசிரியர் தொகையையும், விஞ்ஞானமாயின் ஆய்வுகூட இடத்தையும் எண்ணிச் சிலரையே ஏற்கும். அதன்பின் அத்துறைப் பாடங்களே பெரும்பகுதி. ஆய்வுமுறை தனியே கற்பிக்கப்படும். இறுதியாண்டில் மாணாக்கர் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையிலே தாமே ஒரு பொருளை ஆராய்ந்து ஆய்வேடு எழுதுவர். பல துறைகளில் அதுபற்றி வாய்மொழித் தேர்வும் உண்டு.

வகுப்பைத் தீர்மானிப்பது தரப்புள்ளிச் சராசரி. 3.70 அல்லது அதற்கு மேல் முதல் வகுப்பு; 3.30 முதல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 முதல் கீழ்ப்பிரிவு. ஏ தரத்துக்கு 4.00, ஏ மைனசுக்கு 3.70, பி பிளசுக்கு 3.30, பி தரத்துக்கு 3.00, பி மைனசுக்கு 2.70 என்னும் கணக்கோடு இதனை ஒப்புநோக்கின், முதல் வகுப்பு என்பது நாலாண்டு முழுவதும் சராசரி ஏ மைனஸ் பெறுவதே என்பது விளங்கும். இங்கே ஒரு கணக்கை மாணாக்கர் கட்டாயம் போட்டுப் பார்த்தல் வேண்டும். முதலாண்டுத் தரங்களும் சேர்த்து எண்ணப்படும் பீடத்தில், ஒருவர் முதலாண்டின் 30 கிரெடிட்டில் 2.70 சராசரி பெற்றுவிட்டார் எனக் கொள்வோம். எஞ்சிய 90 கிரெடிட்டிலும் ஒன்று தவறாது ஏ பெற்றாலும் அவர் அடையக்கூடியது 3.675. முதல் வகுப்பின் வாயில் அவருக்கு முதலாண்டு முடிவிலேயே மூடப்பட்டுவிட்டது. 2.80 பெற்றவர்க்கோ அது மயிரிழையளவு திறந்திருக்கின்றது. அதாவது, ஊரைவிட்டு முதன்முதலாய் வந்து, விடுதி வாழ்வுக்கும் ஆங்கில நூலுக்கும் பழகிக்கொண்டிருக்கும் அந்த முதலாண்டே சிறப்பு வகுப்பின் இடத்தையும் இறுதி வகுப்பையும் ஒருங்கே தீர்மானிக்கக்கூடும். முதலாண்டுப் புள்ளியை இறுதிக் கணக்கிற் சேர்க்காத பீடங்களும் உள. தத்தம் பீடத்து விதிக்கோவையை முதல் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். பழைய முறை தாமதமாய் விழித்தவனுக்குத் தந்த மன்னிப்பைப் புதியமுறை தரவில்லை என்பது எம் கருத்து. காய்ச்சல் கண்டவனுக்குப் புதியமுறையே நல்லது என்பதையும் மறுக்கமாட்டோம்.

பொதுப் பட்டத்தைத் தாழ்ந்ததென்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மூன்று பாடம் கற்பிக்கவல்ல ஓர் ஆசிரியர் சிறிய பள்ளியொன்றுக்கு எத்துணைப் பயன் என்பதை அதிபர்கள் அறிவர். வீட்டுக்கு ஓராண்டு முன்னதாக ஒரு சம்பளம் வருவதும் சிறிய காரியமன்று. ஆனால் முதலாண்டில் நற்பேறு பெற்றும், துறை அழைத்தும், செலவுக்கு அஞ்சிப் பொதுப் பட்டத்தைத் தெரிவோரும் உளர். பெண் பிள்ளைகளாயின் திருமண வயதைச் சொல்லி நான்காம் ஆண்டை மறுக்கும் வீடுகளும் உள. பிற்காலத்தில் முதுதத்துவமாணி ஆய்வுக்கோ விரிவுரையாளர் பதவிக்கோ விண்ணப்பிக்குங்கால், அன்று விட்ட ஓராண்டை ஈடுசெய்ய மேலும் சில ஆண்டுகள் வேண்டியிருத்தலை அவ்வீட்டார்க்கு எவரும் எடுத்துரைப்பதில்லை. அஸீஸ் 1945 இற் கண்ட தேவை இன்றும் தீர்ந்ததன்று. அன்று அது நுழைவாயிலில் இருந்தது, இன்று நான்காம் ஆண்டின் வாயிலில் இருக்கின்றது. பழைய மாணவர் சங்கங்கள் பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அவ்வாயிலிலே செலவிடுதல் தகும்.

இறுதியாக ஆய்வேட்டைப் பற்றிக் கூறல் வேண்டும். நான்காம் ஆண்டின் உயிர் அதுவே. இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில் ஒருவர் முதன்முறையாக, விடை ஆசிரியருக்கும் தெரியாத ஒரு வினாவோடு தனியே அமர்கின்றார். அவ்வினாவைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணிவந்த தாய்வழிக் குடிமுறை இக்கரைக்கே உரியது. அதனை அக்கரைப்பற்றிலே தங்கியிருந்து விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அவருடைய பெருநூல் 2008 இல் வெளிவந்தது. கடல் கடந்து வந்தவர் கோயில் வண்ணக்கரிடமும் பள்ளிவாசல் மரைக்காயரிடமும் கேட்டு எழுதியதை, அடுத்த தெருவிலே பிறந்தவர் கேட்டு எழுதவொண்ணாதா? மருதமுனைக் கைத்தறி எவ்வாறு வளர்ந்தது, இன்று எத்தறிகள் ஓய்ந்தன. 1949 இலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் நம் வட்டைகளின் போகத்தை எவ்வாறு மாற்றிற்று. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலிருந்த கணக்கு வழக்கு எப்போது குலைந்தது. கண்ணகியம்மன் சடங்கோடு இயைந்த கொம்புமுறி விளையாட்டு எவ்வூர்களில் எப்போது நின்றது. இவற்றிற் பலவற்றை அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைகின்றது.

எழுதப்பட்டனவும் உள. துறை நூலக அலுமாரிகளிலே கறுப்பு அட்டையிட்ட ஆய்வேடுகள் வரிசையாய் நிற்கின்றன. தேர்வு முடிந்தபின் அவற்றைத் திறந்து பார்ப்போர் அரியர். தகவல் தந்த வட்டைவிதானையாருக்கும் நெசவாளருக்கும் தாம் சொன்னது என்னவாயிற்று என்பது தெரியாது. இப்பிரதேசத்து ஊர்களைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டிலும் ஒரு படியைக் கல்முனைப் பொது நூலகத்திலும், அவ்வூர்ப் பாடசாலை நூலகத்திலும் வைப்பதற்கு மாணாக்கரே முன்வரலாம். மேலும் இரண்டு படி கட்டுவதற்கான செலவே வேண்டும். அடுத்த ஆண்டு முதலாண்டை முடித்து வீடு திரும்பும் தம்பியோ தங்கையோ, நான்காம் ஆண்டில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டால், அதனைக் கையிற் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.